இணையத்துத் தனித்தமிழ் யாரைச் சென்று சேர்கிறது?

தமிழில் எழுதுவோர்க்கு இன்று தாள் தேடும் துன்பம் இல்லை. அச்சுக்கூலி இல்லை. அஞ்சல்தலை ஒட்டும் வேலையும் இல்லை. கணினியோ கைப்பேசியோ ஒன்றிருந்தால் போதும். எழுதி முடித்த நொடியிலேயே அவ்வெழுத்துச் சென்னையிலும் சிங்கப்பூரிலும் யாழ்ப்பாணத்திலும் ஒருங்கே திறந்து கிடக்கின்றது. நகையை விற்றும் நிலத்தை அடகு வைத்தும் திங்களிதழ் நடத்திய முன்னோர் கனவிலும் காணாத ஏந்து இது! ஆயினும் தனித்தமிழ் அன்பர் பலர் இணையத்தில் எழுதி வைத்திருப்பவற்றைத் திறந்து பார்த்தால், ஆங்கே நல்ல கட்டுரைகள் இருக்கின்றன; படித்தவர்தாம் இல்லை. எழுதியவர், அவர்தம் நண்பர் நால்வர், உடன்பிறந்தார் மகன் ஒருவன். இவ்வளவே கூட்டம்.

இதற்கு உடனே சொல்லப்படும் விடை ஒன்றுண்டு. “தமிழனுக்குத் தமிழ்ப்பற்று இல்லை” என்பதே அது. சொல்லுகின்றவர்க்கு எவ்வகை உழைப்பையும் தாராத விடையாதலின், அது பலர்க்கும் இனிக்கின்றது. அந்தத் தமிழன் தேடினானா, தேடியபொழுது அக் கட்டுரை அவன் கண்ணிற் பட்டதா, பட்டபொழுது அவன் வேண்டி வந்த பொருள் அதில் இருந்ததா என்று கேட்பார் அரியர். பழியைப் படிப்பவன் தலையில் ஏற்றிவிட்டு எழுதுகின்றவன் உறங்கப் போகின்றான்.

1959-இல் பாவலரேறு பெருஞ்சித்திரனார் ‘தென்மொழி’யைத் தொடங்கிய காலத்தில் இதழே படிப்பவன் வீட்டிற்கு நடந்து சென்றது. ஒருவர் உறுப்பினர் ஆவார். அஞ்சற்காரர் அவர் வீட்டுத் திண்ணையில் இதழைக் கொண்டு கொடுப்பார். அவர் படித்து முடித்துப் பக்கத்து வீட்டிற்கு நீட்டுவார். கட்டுரைத் தலைப்பு எத்துணை அருஞ்சொல்லாயினும் கெடுதல் இல்லை. இதழ் முன்னரே கைக்கு வந்துவிட்டது. இணையத்தில் அவ்வொழுங்கு தலைகீழாயிற்று. இங்கே எழுத்து நடந்து செல்வதில்லை; படிப்பவனே நடந்து வருகின்றான். வரும்பொழுது கையில் ஒரு சொல்லோடு வருகின்றான். அச் சொல்லைத் தேடுபொறியில் இடுகின்றான். அச் சொல் எங்கெங்கே எழுதப்பட்டிருக்கின்றதோ அங்கெல்லாம் அவன் கொண்டு விடப்படுகின்றான். எழுதப்படாத இடத்திற்கு அவன் வருவதற்கு வழியே இல்லை.

தன் தந்தையாருக்குச் ‘சுகர்’ இருக்கின்றது என்று மருத்துவர் சொல்லக் கேட்டு வந்த மகள், அன்றிரவு தேடுபொறியில் எந்தச் சொல்லை இடுவாள்? ‘சுகர்’ என்று இடுவாள். அன்றேல் ‘சர்க்கரை நோய்’ என்று இடுவாள். உணவு முறையும் உடற்பயிற்சியும் மருந்தும் விளங்க, நல்ல தமிழில், நீரிழிவைப் பற்றி ஒருவர் எழுதிய கட்டுரை இணையத்தில் இருக்கலாம். அதன் முதலிலிருந்து ஈறுவரை அவளறிந்த சொல் ஒன்றேனும் இல்லையாயின், அவள் அதனைக் காணாமலே போவாள். மிளகைத் தேனிற் குழைத்துத் தின்றால் மூன்றே நாளில் நோய் பறந்துபோகும் என்று எவனோ ஒருவன் கிறுக்கி வைத்த பக்கம் அவளுக்கு முதலிற் கிடைக்கும். ஏனெனில் அவன் ‘சுகர்’ என்றே எழுதியிருக்கின்றான். இதில் கெட்டது மொழித்தூய்மை மட்டுமா? ஓர் உயிரும் அன்றோ!

தேடுபொறிகள் இன்று ஒருபொருட் பன்மொழியை ஓரளவு அறியும். நீரிழிவும் சர்க்கரை நோயும் ஒன்றெனக் கண்டுகொள்ளவும் கூடும். உண்மையே. ஆயின் அவை அதனை எவ்வாறு அறிந்தன? அவ்விரு சொல்லும் அடுத்தடுத்து வரும் எழுத்து நிரம்பக் கிடந்தமையால் அறிந்தன. ‘குழம்பி’ என்பது காப்பியே என்று பொறிக்குச் சொன்னார் யார்? தூய சொல்லைத் தனியே பூட்டி வைத்தவர் அதனைப் படிப்பவனிடமிருந்து மட்டுமன்றிப் பொறியிடமிருந்தும் மறைத்துவிட்டார். இப்பொழுதோ தேடுபொறியே விடை சொல்லவும் தொடங்கிவிட்டது. அவ்விடை வானத்திலிருந்து வருவதன்று. இணையத்தில் முன்னர் எழுதப்பட்டு, எளிதிற் கண்டெடுக்கத்தக்கதாய்க் கிடக்கும் எழுத்திலிருந்தே வருவது. நாளைய பொறி பேசப்போகும் தமிழ் எத்தகையது என்பது இன்று எந்தத் தமிழ் கண்ணிற் படுகின்றது என்பதைப் பொறுத்தது.

“அதற்காகத் தூய தமிழ்க் கட்டுரையின் வாயிலில் வேற்றுச் சொல்லைக் கொண்டுவந்து நிறுத்துவதா?” என்று சிலர் சினப்பர். இச் சினம் மதிக்கத் தக்கதே. ஆயின் தனித்தமிழ் வரலாற்றை அறிந்தவர் இதனைக் கேட்கலாகாது. மறைமலையடிகளின் மகளார் நீலாம்பிகை அம்மையார் தொகுத்த ‘வடசொற்றமிழ் அகரவரிசை’யைக் கையிலெடுத்துப் பார்க்கட்டும். வரிசையில் முன் நிற்பது வடசொல். அதன் எதிரே நிற்பது தமிழ்ச்சொல். ஏன் அவ்வாறு அமைத்தார்? வருகின்றவன் அறிந்தது வடசொல்லே. அவன் அதனைத்தான் தேடுவான். தேடிய இடத்தில் நல்ல தமிழைக் கண்டு அதனைக் கைக்கொண்டு திரும்புவான். தமிழ்ச்சொல்லையே முதலில் வைத்திருந்தால், அச் சொல்லை முன்னரே அறிந்தவனுக்கு மட்டுமே அந்நூல் பயன்பட்டிருக்கும்; அவனுக்கோ அந்நூல் தேவையில்லை! தேடுபொறி என்ற ஒன்று எவர் எண்ணத்திலும் தோன்றாத காலத்தில், தேடுவோனுடைய மனத்தை அறிந்து செய்த வேலை அது.

அம் முறையே இங்கும் போதும். தலைப்புத் தூய தமிழில் இருக்கட்டும். கட்டுரையின் முதற்பத்தியில், மக்கள் வழங்கும் சொல்லை ஒற்றைமேற்கோளுக்குள் இட்டு, “மக்கள் ‘பட்டா மாறுதல்’ என்று வழங்கும் நிலவுரிமைப் பெயர்மாற்றம்” என ஒரு முறை சொல்லிவிடுக. அதன்பின் கட்டுரை முழுதும் தமிழ்ச்சொல்லே நடக்கலாம். ‘புலனம்’ என்று எழுதுவோர் ஒரு முறையேனும் ‘வாட்சாப்’ என்பதைக் காட்டிவிட்டு எழுதினால், புலனம் என்பது யாதென்று படிப்பவன் அன்றே கற்றுக்கொள்வான். காட்டாவிடின் என்றுமே கற்கமாட்டான். தேடப்படும் சொல்லைப் பத்து முறை, இருபது முறை திணிக்கச் சொல்லும் வழிகாட்டிகளும் உளர். அவர்கள் பேச்சைக் கேட்க வேண்டியதில்லை. அத்தகைய திணிப்பைத் தேடுபொறிகளே கண்டுபிடித்துப் பின்னுக்குத் தள்ளுகின்றன. தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி வைப்பதோ எக்காரணத்தாலும் கொள்ளத்தக்கதன்று. சொல்லை இழந்தாலும் மீட்கலாம், எழுத்தை இழந்தபின் மீட்பது அரிது.

படிப்போரைச் சேர்க்க இணையத்தில் மிகுதியாய்க் கையாளப்படும் வழி ஒன்று உண்டு; அது தூண்டில் தலைப்பு. “இந்த ஒரு செயலைச் செய்தால் என்ன நடக்கும் தெரியுமா?” “நடிகை சொன்ன அந்தச் சொல்!” உள்ளே நுழைந்தால் ஒன்றும் இராது. 2018-இல் கூகுள் தன் விளம்பர வருவாய்த் திட்டத்தைத் தமிழ்ப் பக்கங்களுக்கும் திறந்துவிட்டது. அதனால் நல்ல எழுத்தாளர் சிலர்க்கு நாலு காசு கிடைத்திருக்கலாம், மறுப்பதற்கில்லை. ஆயின் காசுக்கு எண்ணிக்கையே அளவு. எண்ணிக்கைக்குத் தூண்டிலே குறுக்குவழி. இவ்வழியிற் சென்று தமிழ்ப்பணி செய்வதாகச் சொல்வோர் மீன் பிடிக்கலாம், படிப்பவனைப் பிடிக்கவியலாது. ஏமாந்து வந்தவன் இரண்டாம் முறை வருவதில்லை.

இரண்டாம் முறையும் வரச்செய்வது எது? வேறெங்கும் கிடைக்காத ஒன்று இங்கே கிடைப்பதுதான். இதில்தான் தமிழன்பர் பெரிதும் வழுக்கி விழுகின்றனர். தமிழின் தொன்மை பற்றிய கட்டுரை இணையத்தில் ஆயிரம் இருக்கும். ஆயிரத்தொன்றாவதையும் ஒருவர் எழுதுகின்றார். அதே மேற்கோள்கள், அதே பெருமிதம், அதே புலம்பல். அதைத் தேடி வருவோன் முன்னுள்ள ஆயிரத்தில் பத்தைப் படித்துவிட்டுத் திரும்பிவிடுவான். அதே அன்பர் தம் ஊர் ஏரியைப் பற்றி எழுதினாரா? அதற்கு மடை எத்தனை, மதகு எங்கே, மிகைநீர் வழியும் கலிங்கு எக்காலத்துக் கட்டடம், குமிழித்தூம்பு இன்னும் இருக்கின்றதா, மடைதிறக்கும் உரிமை எந்தக் குடிக்கு இருந்தது, எந்த வாய்க்கால் எவர் வீட்டடியில் மறைந்துபோயிற்று என்பவற்றை அவரன்றி உலகில் எவர் எழுதவியலும்? அதை அவர் எழுதி வைப்பாராயின், பத்தாண்டு கழித்து ஒரு பொறியியல் மாணவன் வருவான். ஒரு வழக்கறிஞர் வருவார். வெள்ளம் வந்த ஆண்டில் ஊரே வரும். அவர்களெல்லாம் மடை, மதகு, கலிங்கு, தூம்பு என்ற சொற்களையும் உடன் எடுத்துச் செல்வர். தனித்தமிழ் பரப்புவதற்கு இதனினும் சிறந்த மேடை யாது?

கடற்கரையூரில் ஆசிரியராய் இருப்பவர் ஒருவர், மீனவர் வாய்மொழியில் காற்றுக்கு வழங்கும் பெயர்களைத் தொகுக்கலாம். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் எனத் திசைக்கொரு பெயர் வைத்துக் கடலில் உயிர் பிழைத்த மக்கள் அவர்கள். எந்தத் திங்களில் எக்காற்று எழும், அப்பொழுது எந்த மீன் படும், எந்த வலை இறங்கும் என்று அவரிடம் கேட்டு எழுதினால் அது கலைச்சொல் அகராதியாகவும் ஆகும், கடல் நூலாகவும் ஆகும். உழவர் வீட்டுப் பிள்ளை மேழியையும் கொழுவையும் நுகத்தையும் ஏர்க்காலையும் படம் எடுத்துப் பெயர் எழுதி வைக்கலாம், இழுபொறி வந்தபின் பிறந்த குழந்தைகள் அவற்றைப் பாடநூலில் படித்துவிட்டு, “இது எப்படி இருக்கும்?” என்று தேடுகின்றன. எட்டாம் வகுப்புக் கணக்கைத் தமிழில் தெளிவாய் விளக்கும் பக்கங்கள் இன்னும் எத்துணையோ வேண்டும். அரசு அலுவலகத்தில் ஒரு விண்ணப்பம் எழுதத் தெரியாமல் இடைத்தரகனுக்குப் பணம் கொடுக்கின்றானே எளியவன், அவனுக்கு நல்ல தமிழில் விண்ணப்பப் படிவம் ஒன்றை எழுதி வைத்தால் அதைத் தேடி வராதார் யார்? இவற்றையெல்லாம் ‘சிறு வேலை’ எனக் கருதும் புலமைச் செருக்கு ஒன்று இருக்கின்றது. படிப்போர் இல்லாமைக்கு அதுவும் ஒரு கரணியம்.

எழுதியதை வைக்கும் இடமும் முறையும் அடுத்து எண்ணத்தக்கவை. 1990-களில் இணையத் தமிழுக்கு வாய்த்த துன்பத்தை மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். தளத்திற்கு ஓர் எழுத்துரு. ஒன்றிலிருந்து எடுத்ததை மற்றொன்றில் இட்டால் குப்பைக் குறிகள்! 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி விசைப்பலகைக்கும் குறியீட்டிற்கும் ஓர் ஒழுங்கு வகுக்கப்பட்டது. பின்னர் ‘யூனிகோடு’ எனப்படும் ஒருங்குறி எங்கும் பரவிற்று. 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று முனைவர் கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம், பழைய குறியீட்டில் ஏற்றிய நூல்களை ஒருங்குறிக்கும் மாற்றி வைத்தது. அதனாற்றான் இன்று சங்கப்பாட்டின் ஒரு சொல்லை இட்டாலும் பாட்டு முழுதும் வந்து நிற்கின்றது. இத்துணைப் பேருழைப்பால் திறக்கப்பட்ட கதவை, இன்றைய அன்பர் தாமே அடைக்கின்றனர். எப்படி? கட்டுரையை அழகிய வண்ணத் தாளில் அடுக்கி, அதனைப் படமாக்கிப் புலனத்தில் விடுகின்றனர். படத்துள் இருக்கும் எழுத்து, கண்ணுக்கு எழுத்து. தேடுவோனுக்கு அது பெரும்பாலும் வெறுங்கோலம். நூறு குழுக்களில் ஓடிய அக் கட்டுரையை மூன்றாம் நாள் எங்கே போய்த் தேடுவது? முகநூலில் எழுதுவதும் ஏறத்தாழ இத்தகையதே. அன்று நூறு விருப்பக் குறி; மறு திங்களில் எழுதியவரே கண்டெடுக்க முடியாத ஆழம். அங்கே எழுத வேண்டா என்பதன்று. எழுத்தை எழுத்தாகவே, தனக்கென ஒரு நிலையான முகவரியில் முதலில் வைத்துவிட்டு, அதன் சுட்டியை மட்டும் புலனத்திலும் முகநூலிலும் விடுக. சந்தையில் நின்று கூவலாம். குடியிருப்பதற்கு வீடு வேண்டும்.

இனி, எல்லாவற்றினும் பெரிய குறை ஒன்று. தனித்தமிழ் எழுத்தாளர் ஒருவரை ஒருவர் சுட்டுவதில்லை. 1998-இல் அமெரிக்காவின் சுடான்போர்டுப் பல்கலைக்கழக மாணவராயிருந்த இலாரி பேச்சும் செர்கே பிரினும் கூகுள் தேடுபொறியை அமைத்தபொழுது, அதற்கு அடிப்படையாகக் கொண்ட கருத்து எளியது: ஒரு பக்கத்தை வேறு பக்கங்கள் எத்தனை சுட்டுகின்றன, சுட்டுகின்றவை எத்தகைய மதிப்புடையன என்பதைக் கொண்டு அப் பக்கத்தின் மதிப்பை அளப்பது. அதன்பின் எத்தனையோ அளவைகள் சேர்ந்துவிட்டன. ஆயினும் சுட்டுதலின் மதிப்பு அழிந்துவிடவில்லை. பொறி ஒரு பக்கத்திலிருந்து மற்றொரு பக்கத்திற்குச் செல்வதே பெரும்பாலும் சுட்டிகள் வழியாகத்தான். ஒருவரும் சுட்டாத பக்கம் பாதையில்லாத தீவு.

சுட்டுதலின் ஆற்றலைத் தமிழர்க்குச் சுடான்போர்டு சொல்லித்தர வேண்டுமா? தகடூர் யாத்திரை என்னும் நூல் முழுமையாய் இன்று இல்லை. அதன் பாடல்கள் சில எஞ்சியிருப்பதற்குக் கரணியம், நச்சினார்க்கினியர் போன்ற உரையாசிரியர் அவற்றை எடுத்துக் காட்டியதும் புறத்திரட்டுத் தொகுத்தவர் அவற்றைச் சேர்த்து வைத்ததுமே. முத்தொள்ளாயிரத்தில் நூற்றுக்குச் சற்று மேற்பட்ட பாடல்கள் பிழைத்ததும் அப்படியே. உரையாசிரியர்கள் தமக்குள் மாறுபட்டனர். ஒருவர் கொள்கையை மற்றொருவர் மறுத்தனர். ஆனால் மறுக்கும்பொழுதும் எடுத்துக்காட்டியே மறுத்தனர். இன்றோ, ஒரு சொல்லுக்கு இருவர் இருவேறு மொழிபெயர்ப்புக் கண்டுவிட்டால் போதும், ஒருவர் பக்கத்தை மற்றவர் மறந்தும் சுட்டுவதில்லை. பாவாணர் வழியினர் ஒரு புறம், அவரை ஒப்பாதார் ஒரு புறம், அவற்றுள்ளும் கிளைகள்! ஆளுக்கொரு தீவில் அமர்ந்து கொடி ஏற்றினால் கப்பல் வருமா?

2004-இல் காசி ஆறுமுகம் தொடங்கிய ‘தமிழ்மணம்’ என்னும் திரட்டி, தமிழில் எழுதுவோர் அன்றன்று எழுதியவற்றை ஓரிடத்தில் தொகுத்துக் காட்டியது. புதிதாய் எழுத வந்தவனும் பழுத்த எழுத்தாளரும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் நின்றனர். ஒருவரைப் படிக்க வந்தவன் மற்றவரையும் கண்டான். சண்டைகளும் இருந்தன, சண்டை போட்டவரும் ஒருவரை ஒருவர் படித்தனர். முகநூலும் புலனமும் வந்து அக் கூட்டத்தைக் கலைத்தன. அத்தகைய திரட்டியைப் பொதுவில் மீண்டும் கட்டுவது பெருவேலை. ஆயின் ஒவ்வொருவரும் தம் பக்கத்தின் ஓரத்தில் தாம் மதிக்கும் பத்துப் பக்கங்களின் பெயரை எழுதி வைப்பதும், கட்டுரைதோறும் அப்பொருள்பற்றி முன்னரே எழுதியவரைச் சுட்டுவதும் அரை நாழிகை வேலை. அதற்குச் செலவு இல்லை. செருக்கைச் சற்றே குறைத்தல் ஒன்றே வேண்டும்.

செருக்கென்றதும் மற்றொன்றும் சொல்லத் தகும். படித்துவிட்டு ஓர் இளைஞன் ஐயம் கேட்டு எழுதுகின்றான். ‘கருப்பு’ என்பதா ‘கறுப்பு’ என்பதா என்று தெரியாத பிள்ளை. ஒற்று மிகும் இடம் அறியாதவன். இடையே இரண்டு ஆங்கிலச் சொல்லும் கலந்துவிட்டான். பண்டிதர் என்ன செய்கின்றார்? அவன் கேட்ட கேள்வியை விட்டுவிட்டு அவன் பிழைகளை எண்ணத் தொடங்குகின்றார். சிவப்பு மையின் பழக்கம் ஓய்வு பெற்றபின்னும் விடுவதில்லை! அவன் மறுபடி அப்பக்கம் தலைகாட்டுவானா? கேள்விக்கு முதலில் விடை சொல்லி, அவ்விடைக்குள் அவன் பிழையாய் எழுதிய சொல்லைத் திருத்தமாய் வழங்கிக் காட்டினால், அவன் தானே திருந்துவான். திருந்தாவிடினும் திரும்பி வருவான். வருகின்ற ஒருவன் நாலு பேரை அழைத்து வருவான்.

தொடர்ந்து எழுதுதல் வேண்டும் என்பதை விரிக்கத் தேவையில்லை. கிழமைக்கு ஒன்றென்று சொன்னால் கிழமைக்கு ஒன்று. திங்களுக்கு ஒன்றென்று சொன்னால் திங்களுக்கு ஒன்று. இதழ் நடத்தியவர்கள் இதனை நன்கறிவர்.

செய்யத் தொடங்குவதற்கு எளிய வேலை ஒன்று எங்கும் காத்திருக்கின்றது. பழைய தமிழிதழ்கள் பல, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் படவடிவாய் ஏற்றப்பட்டுள்ளன. தாளைப் படமெடுத்துக் காத்தது பெரும்பணி. ஆயின் படத்திலுள்ள கட்டுரையின் உட்சொல்லைத் தேடி ஒருவரும் வந்து சேரவியலாது. தனித்தமிழ் அன்பர் ஒவ்வொருவரும் உரிமைத் தடையில்லாத பழங்கட்டுரை ஒன்றைத் திங்கள்தோறும் எடுத்து, பிழையின்றி ஒருங்குறியில் தட்டச்சிட்டு, எழுதியவர் பெயரும் இதழின் பெயரும் வெளிவந்த ஆண்டும் குறித்து, இக்காலத்தான் தேடும் சொல்லை முதற்பத்தியில் ஒரு முறை வைத்துத் தம் பக்கத்தில் வெளியிடுக. 2003-இலிருந்து வளர்ந்துவரும் தமிழ் விக்கிப்பீடியாவில் அப்பொருள்பற்றிய கட்டுரை இருக்குமாயின், தகுந்த இடத்தில் அதனைச் சான்றாகவும் காட்டுக. தட்டச்சுக்குத் தமிழ்99 விசைப்பலகையைக் கற்க நாளொன்றுக்கு ஒரு மணியாக இரு கிழமை உழைத்தால் போதும். ஓய்வு பெற்ற ஆசிரியர் பலர் அறுபது அகவைக்குப் பின்னர்க் கற்றிருக்கின்றனர்.